புள்ளி அடைந்துபோன லேபிள்

அன்புள்ள ஐயா,

விஷுவல் கம்யூனிகேஷன் முடித்து ஓராண்டு ஆகிறது. போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை தேட அனுப்பும் மாதிரித் தொகுப்பில், 42 வேலைகள் வைத்திருக்கிறேன். காபிக் கடை, ஷூ என்று பெரிய பிராண்டுகளின் லோகோக்களை மாற்றி வரைந்தவைதான் அதிகம். எட்டு இடங்களுக்கு அனுப்பியும் அழைப்பில்லை. மாமா கடைக்குச் செய்த கருப்பட்டி லேபிள் கடைசியில் இருக்கிறது. முதல் அச்சில் புள்ளிகள் அடைந்துபோய், திரும்ப அடித்தது. எடுத்துவிடலாமா?

ம., உடன்குடி

அன்புள்ள ம.,

அதை எடுக்காதீர்கள். மற்ற 41-இல் ஆறேழை விட்டு மீதியை எடுங்கள்.

அந்த ஷூ லோகோவை மாற்றச் சொல்லி யார் கேட்டார்கள்? கேட்டவர் இல்லை, பட்ஜெட் இல்லை, 'இது வேண்டாம் தம்பி' என்று சொல்ல ஆளில்லை. எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. நீங்கள் எதில் முட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

லேபிளில் தெரிகிறது. மாமாவிடம் ஒரு நிறத்துக்குத்தான் காசு. கரும்பழுப்பை முழுக்க அடித்து, எழுத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள். அச்சில் மை உள்ளே பரவி, சின்னப் புள்ளிகளை முதலில் விழுங்கிவிட்டது. கருப்பட்டி 'கருபபடடி' ஆயிற்று. இரண்டாம் முறை புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்தையும் தடிமனாக்கியிருக்கிறீர்கள். இது தமிழில் வேலை செய்பவனுக்கே வரும் சிக்கல். நீங்களோ சரியான லேபிளை மட்டும் காபி கப் மாக்கப்புக்கு (மாதிரிப் படத்துக்கு) பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறீர்கள்! கெட்டுப்போனதையும் பக்கத்தில் வையுங்கள். இதுவே முதல் பக்கம்.

நான் ஆள் எடுக்க உட்கார்ந்த நாட்களில் ஒரு போர்ட்ஃபோலியோவுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே அதிகம். ஏழெட்டு வேலை போதும். நண்பர் வரைந்த படம் இருந்தால் அவர் பெயரைப் போட்டுவிடுங்கள், பேட்டியில் எப்படியும் தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இரண்டு வரியில். 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் தமிழ்நாட்டு வடிவமைப்பாளர் உதயகுமார் வரைந்தது. தேவநாகரி 'ர'வும் செங்குத்துக் கோடில்லாத ரோமன் 'ஆர்' (R) எழுத்தும் ஒன்றானது என்றால் முடிந்தது. உங்கள் குறிப்புகளில் 'மினிமல்', 'மாடர்ன்' என்றே பத்து வரி ஓடுகிறது.

அந்த முதல் அச்சில் ஒன்றிரண்டு மாமா கடையில் எங்காவது கிடக்கும். கறை இருந்தாலும் பரவாயில்லை, துடைக்காமல் ஸ்கேன் செய்யுங்கள்.