'ரைட்' என்றால் என்னவென்று தெரியாமல் நான் பட்ட பாடு

அசோக் நகரிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு முதுகலை படிக்கச் செல்லவிருக்கும் தம்பி ஒருவர், "நான் பள்ளி முதலே ஆங்கில வழியில் படித்தவன், அங்கே மொழியால் தொல்லை வருமா? குளிருடையை இங்கேயே வாங்கலாமா? வாடகை எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். குளிருடையை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையைப் பல்கலைக்கழகத்திலேயே விசாரித்துவிடலாம். முதல் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2004ஆம் ஆண்டில் நானும் இதே நம்பிக்கையோடு அதே ஊரில் வேலைக்குப் போய் இறங்கினேன்.

என் காலை வாரிவிட்டது கடினமான சொல் எதுவும் அன்று. 29சி பேருந்தில் நடத்துநர் விசிலோடு சேர்த்து "போலாம் ரைட்" என்று குரல் கொடுப்பாரே, அந்த 'ரைட்'தான். முதல் வாரத்தில், தேநீர் போட எழுந்த சக ஊழியர் ஒருவர், ஒவ்வொருவரிடமும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். 'சரி' என்று ஒப்புக்கொள்வதாக எண்ணி நான் "ஐ'ம் ஆல்ரைட்" என்றேன். எல்லோர் மேசைக்கும் கோப்பை வந்தது, எனக்கு வரவில்லை. நான்கு நாள் இப்படியே நடக்கவே, நிறம் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று நானே முடிவுகட்டி, இரவு தொலைபேசியில் புலம்பி அம்மாவையும் அழவைத்தேன். அங்கே அதற்கு "இருக்கட்டும், வேண்டாம்" என்று பொருள் என்பதை, ஐந்தாம் நாள் அலுவலகத்துக் குஜராத்தி அம்மையார் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். எதிரே வருபவர் "ஆல்ரைட்?" என்று கேட்பது வெறும் வணக்கம் என்பதையும், அதற்கு முதுகுவலியை விவரிக்கத் தேவையில்லை என்பதையும் அவரே சொல்லித்தந்தார்.

அதைவிடப் பெரிய கூத்து, பக்கத்து வீட்டு முதியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேநீருக்கு அழைத்தபோது நடந்தது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று இரண்டு உள்ளங்கைகளாலும் தம் முழங்கால்களைத் தட்டி "ரைட்" என்றார். நான் சொன்னதை ஆமோதிக்கிறார் என்று நினைத்து நானும் "ரைட்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பிஸ்கட்டை எடுத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் தட்டினார்; அவர் மனைவி என் கையிலிருந்த கோப்பையையே வாங்கிக்கொண்டு போனார். விருந்தினர் கிளம்பலாம் என்பதற்கு அது அவர்கள் ஊர் விசில். அந்த விசிலையே கேட்டு வளர்ந்த சென்னைக்காரனுக்கு அது விளங்காமல் போனதை என்னவென்று சொல்வது!

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் அடிப்படைப் பொருள் 'நேரானது' என்பதே. வலப்பக்கத்தைக் குறித்தது பின்னால்தான். நாமும் நேரான கோலைச் செங்கோல் என்றும், வளைந்ததைக் கொடுங்கோல் என்றும் சொல்லித்தானே நீதியையும் அநீதியையும் பிரித்தோம்? அவர்களுடைய 'ரைட் ஆங்கிள்' நமக்குச் செங்கோணம். அந்த நேர்மையிலிருந்துதான் 'உரிமை' என்ற பொருளும் கிளைத்தது. நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டிய 'ரைட்' அதுவே.

2016 பிப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதும், வீடு கொடுப்பவர் உங்களுக்கு 'ரைட் டு ரென்ட்', அதாவது வாடகைக்குக் குடியிருக்கும் உரிமை, உண்டா என்று சரிபார்த்தாக வேண்டும். வேலை கொடுப்பவர் 'ரைட் டு வொர்க்', அதாவது வேலை செய்யும் உரிமையைப் பார்ப்பார். இரண்டுக்கும் அரசு இணையதளத்தில் 'ஷேர் கோட்' என்ற, எழுத்தும் எண்ணுமாக ஒன்பது குறிகள் கொண்ட குறியீட்டை எடுத்து அவர்களிடம் கொடுக்க வேண்டும். அது 90 நாள் செல்லும். வீட்டுக்கானது 'ஆர்' எழுத்திலும் வேலைக்கானது 'டபிள்யூ' எழுத்திலும் தொடங்குவதால், ஒன்றை மற்றொன்றுக்குக் கொடுத்துப் பயனில்லை. இதையெல்லாம் கேட்காமல், ரொக்கம் தந்தால் போதும் என்பவரிடம் முன்பணத்தை நீட்டாதீர்கள். பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடகாலத்தில் வாரம் 20 மணி நேர வேலைக்குத்தான் உரிமை. சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை. ஆகவே உணவுச் செயலியில் இன்னொருவர் பெயரிலுள்ள கணக்கைக் கொண்டு உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பதும் விசாவுக்கே உலை வைக்கும். இப்படி எச்சரித்தால், "அதெல்லாம் ரைட்டு ப்ரோ, பார்த்துக்கலாம்" என்று தோளில் தட்டும் நம்மவர் தெருவுக்கு ஒருவர் அங்கே உண்டு. வந்திறங்கிய ஆறே மாதத்தில் நாக்கைச் சுழற்றிப் பேசத் தொடங்கிவிடும் அவருக்கு, இந்த 'ரைட்டு' மட்டும் சென்னை உச்சரிப்பிலேயே வரும்.

நானோ நேர்மாறாகக் கெட்டுப்போயிருக்கிறேன். விடுமுறைக்கு வந்திருக்கும் நான், நேற்று மேற்கு மாம்பலத்தில் பெரியம்மா வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, நேரமாகிவிட்டதே என்று என்னையறியாமல் முழங்கால்களைத் தட்டி "ரைட்" என்றேன். "முட்டி வலிக்கிறதாடா?" என்று கேட்டுக்கொண்டே அவர் தைலத்தை எடுத்து வந்துவிட்டார், அதன் பிறகு நான் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று.