வார்ப் 10-ஐத் தாண்ட முடியுமா, முடியாதா?

ஸ்டார் ட்ரெக் என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சி வரிசையின் முதல் தொடரில் விண்கப்பல் வார்ப் 14.1 வரை போகிறது (வார்ப் என்பது ஒளியை மிஞ்சும் வேகத்தைச் சொல்லும் எண்). பிந்தைய தொடர்களிலோ வார்ப் 10-ஐ எட்டவே முடியாது. இது முரண்பாடா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, மாறியது அளவுகோல்தான். 1966-இல் வந்த முதல் தொடருக்கான கணக்கில், வார்ப் எண்ணை மூன்று முறை வைத்துப் பெருக்கினால் (9 × 9 × 9 போல) வருவதே வேகம். வார்ப் 9 என்றால் ஒளியைப் போல 729 மடங்கு. 1987-இல் வந்த ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்காக அளவை மாற்றி, 10 என்பதை முடிவிலி வேகமாக வைத்தார்கள். அதில் அதே வார்ப் 9 சுமார் 1,516 மடங்கு! 9-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் வேகம் செங்குத்தாக ஏறும், 9.6-க்கும் 9.9-க்கும் இடையிலேயே பெரிய வித்தியாசம் உண்டு.

சரி, 1994-இல் அந்தத் தொடரின் கடைசிக் கதையில், எதிர்காலக் காட்சியில் வார்ப் 13 வருகிறதே? அங்கே ரசிகர்களின் புகார் நியாயம்தான். அளவுகோல் மறுபடி மாறியிருக்கும் என நாமாக ஊகிக்கிறோம். கதைக்குள் அதற்கு விளக்கமே இல்லை.