அப்பாவின் அடுப்பும் கடன் நோட்டும்

கேள்வி: எங்கள் தந்தையார் சென்ற மாசி மாதம் காலமானார். 1972-ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். குன்னூரில் ஒரு பேக்கரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1986-இல் கோத்தகிரியில் சொந்தமாக வர்க்கி அடுப்புப் போட்டார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் அச்சிட விரும்புகிறோம். நான் எழுதிய இரண்டு பக்கங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்; அவை எவருடைய தந்தைக்கும் பொருந்துவனபோல் இருக்கின்றன. லயத்தில் பிறந்ததையெல்லாம் எழுத வேண்டாம் என்கிறார் அண்ணன். அப்பாவின் பெட்டியில் ஒரு கடன் நோட்டும் கிடைத்தது. வசூலாகாத பல கணக்குகளை அவரே கோடு போட்டு அடித்திருக்கிறார். அதை மலரில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் இரண்டு பக்கங்களையும் படித்தேன், அம்மா. ‘அன்பின் உருவம்’, ‘பண்பின் சிகரம்’ என்றெல்லாம் நீங்கள் எழுதியிருப்பவை பொய்யல்ல. ஆனால் அவற்றில் உங்கள் அப்பாவை நான் காணவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில், மாவு அப்பிய கையால் உங்கள் பள்ளிச் சீருடையைத் தொடமாட்டார் என்றும், முழங்கையால் முதுகில் தட்டி அனுப்புவார் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் அவர் எழுந்து நிற்கிறார். மலரை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து அவருடைய ஒரு நாளை முழுமையாக எழுதுங்கள். இதற்கு நீங்கள் கேட்க வேண்டியவர் உறவினர்களை விட, அவரோடு அடுப்படியில் நின்ற வேலையாள்தான். வர்க்கி என்பது மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தால் தானே வந்துவிடும் பண்டம் அன்று. முன்கூட்டியே புளிக்கவைத்த தாய்மாவைப் பதமறிந்து சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாக விரித்து, கொழுப்புத் தடவி மடித்து மடித்து அடுக்கு உண்டாக்கி, கையால் உருட்டி, விறகு அடுப்பின் சூட்டில் மொறுமொறுப்பாகும் வரை விட்டெடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு புளிக்க நேரமெடுக்கும். அந்த நாட்களில் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், மாவை எதனால் போர்த்தினார், அடுப்பின் சூட்டை எப்படிக் கண்டறிந்தார் என்பதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமை உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் விடியலுக்கு முன் எழுந்து காத்த கைப்பழக்கத்துக்குக் கிடைத்தது. அந்தப் பழக்கம் எழுத்தில் அதிகம் இல்லை என்பதால், உங்கள் மலரில் இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கினாலும் தகும்.

அண்ணனின் தயக்கம் எனக்குப் புரிகிறது; ஆயினும் நான் உடன்படவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டது. அந்த மக்களிடம் எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று கேட்டு எழுதப்பட்ட கணக்கன்று அது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பங்கள் பல; அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இன்றும் இருக்கின்றன. மலையிலிருந்து பெயர்க்கப்பட்டு வேறொரு மலையில் வந்து சேர்ந்த ஒரு சிறுவன், பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் தன் பெயரில் ஓர் அடுப்பு மூட்டினான் என்பதை விட்டுவிட்டால், 1986 என்ற ஆண்டின் மதிப்பு உங்கள் பேரக்குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்? லயத்தின் பெயரையும், பாட்டனார் பாட்டியின் பெயரையும், உடன் கொண்டுவந்த பொருள்களையும் அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இறுதியில் அம்மா வேண்டாமென்றால் மட்டும் விட்டுவிடுங்கள். அந்த உரிமை அவருடையது.

கடன் நோட்டைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, இந்த மாவட்டத்துச் சிறு விவசாயிகளும் அவர்களை நம்பியிருந்த கடைக்காரர்களும் பட்ட பாட்டை நான் அறிவேன். அடிக்கப்பட்ட கணக்குகள் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவையா என்று தேதிகளைப் பாருங்கள். அப்படியானால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் ஒரு பக்கத்தைக்கூடப் படமெடுத்து அச்சிட வேண்டாம். கோடு போட்டவர் அந்தக் கடனை யாரிடமும் சொல்லாமல் அழித்தவர். கோத்தகிரி சிறிய ஊர். பெயரை மறைத்துத் தொகையை மட்டும் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வராத கடனை அவர் அடித்துவிட்டார் என்றும், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு மறுநாளும் வர்க்கி கொடுத்தார் என்பது உண்மையானால் அதையும், இரண்டு வரிகளில் எழுதினால் போதும்.

அவர் கோபித்ததும் உங்களுக்கு நினைவிருக்குமே, அதையும் ஓரிடத்தில் எழுதுங்கள். வீட்டில் அவருடைய குரல் கேட்கவேண்டும். அட்டைக்கு ஸ்டூடியோவில் எடுத்த படத்தை விட, கடையில் எவரேனும் தற்செயலாக எடுத்த படம் இருந்தால் தேடிப் பாருங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அந்த வேலையாளை ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து, அம்மாவையும் அருகில் அமர்த்தி, முழுவதையும் உரக்கப் படியுங்கள். ‘இல்லை, அப்படி இல்லை’ என்று அவர்கள் குறுக்கிடும் இடங்களில் பேனாவைக் கையில் வைத்திருங்கள்.