டீச்சரிடம் கேளுங்கள்: குடும்பத்தோடு வெளிநாடு, பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியில் 14 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். இப்போது கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் மாலை ட்யூஷனும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டீச்சர், வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். மகள் இங்கே தமிழ் மீடியம், நாலாம் வகுப்பு. சிபிஎஸ்இயா, பிரிட்டிஷ் பள்ளியா? (வேலந்தாவளம்)

அங்கே எத்தனை வருஷம் இருக்கப்போகிறீர்கள் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். பள்ளிக் கட்டடத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நான் திரும்பி வரும் வருஷத்தைப் பார்க்கச் சொல்வேன். நாலைந்து வருஷம்தான் என்றால் சிபிஎஸ்இ. அது அங்கே ஏப்ரலில் தொடங்கும், நம் மார்ச் பரீட்சை முடிந்த கையோடு சேர்ந்துவிடலாம். பிரிட்டிஷ் பள்ளி தொடங்குவது செப்டம்பர் வாக்கில். நம் நாலாம் வகுப்பு அங்கே இயர் 5. பாதியில் ஊருக்கு வந்தால் பாடத்தை ஒட்டவைக்கப் பிள்ளை படாதபாடு படும்.

தமிழ் மீடியம் என்று பயப்படாதீர்கள். என் வகுப்பில் இப்படி வந்த ஒரு பையன் பின்னக் கணக்கை மனசிலேயே போடுவான், ஆனால் ‘நியூமரேட்டர்’ என்றால் முழிப்பான். போர்டு ஓரத்தில் ‘தொகுதி’, ‘பகுதி’ என்று எழுதிக் காட்டினேன். அட, இதுதானா என்று சிரித்தான். மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, கணக்கு, அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் இன்றைக்கே எழுத வையுங்கள். அமீரகத்தில் தனியார் பள்ளியிலும் ஒன்பதாவது வரை அரபி கட்டாயம். அதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, பஸ். அதற்குக் கட்டணம் தனி, ஆனால் அதைவிட நேரம்தான் முக்கியம். விடியுமுன் பஸ் ஏறி வந்த ஒரு சிறுமி என் முதல் பீரியடில் பென்சிலைப் பிடித்தபடியே தூங்குவாள். பள்ளியில் இடம் உறுதியான பிறகு, அதன் பக்கத்தில் வீடு பாருங்கள்.

மகன் ஸ்டேட் சிலபஸில் ஒன்பதாவது முடிக்கிறான். பத்தாவதை அங்கே சிபிஎஸ்இயில் படிக்கலாமா? (கோபாலபுரம்)

வேண்டாம். சிபிஎஸ்இ பத்தாவதில் சேர, ஒன்பதாவதையும் சிபிஎஸ்இ பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. ஒரு வருஷம் பாட்டி வீட்டில் இருந்து எஸ்எஸ்எல்சி எழுதட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பதினொன்றாவதுக்குக் கூட்டிப் போங்கள்.

என்னென்ன பேப்பர் தயார் செய்யணும் டீச்சர்? (சித்தூர்)

டிசி, மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. சிக்கல் நம் இனிஷியலில்தான். டிசியில் ‘கே. தர்ஷன்’, பாஸ்போர்ட்டில் ‘தர்ஷன் கந்தசாமி’. அங்கே கவுண்டரில் இருப்பவருக்கு இவை இரண்டு வெவ்வேறு ஆள்கள். கேரளப் பள்ளிகளின் இணையப் பதிவேடான சம்பூர்ணாவில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஹெட்மாஸ்டரிடம் பார்க்கச் சொல்லி, சரி செய்த பிறகே டிசி வாங்குங்கள்.

அப்புறம் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் அசல்தான் என்று முத்திரை வாங்குவது. ஓமனும் பஹ்ரைனும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ள நாடுகள், நம் அரசின் அப்போஸ்டில் முத்திரையை அப்படியே ஏற்கும். அமீரகம் அதில் இல்லை, ஆகவே தூதரக முத்திரை வரை போகவேண்டி வரும். எது வேண்டும் என்று சேரப்போகும் பள்ளியில் கேட்டுக்கொண்டு, ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நார்க்கா ரூட்ஸ் அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் தமிழ் உண்டாமே? (மீனாட்சிபுரம்)

உண்டு, தாய்மொழிப் பாடமாகவே. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை இடையில் சேர ஏஇஐஎஸ் என்ற தேர்வு எழுத வேண்டும். தொடக்கப்பள்ளி 2 முதல் 5 வரை, உயர்நிலை 1 முதல் 3 வரைதான் அதில் வழி. ஆங்கிலமும் கணக்கும் கேட்பார்கள். தேறினாலும் இடம் காலியாக இருந்தால்தான் கிடைக்கும். அதை நம்பி இங்கே டிசி வாங்கிவிடாதீர்கள்.

துபாயில் பள்ளி நல்லதா என்று எப்படித் தெரியும்?

கேஎச்டிஏ என்ற அரசு அமைப்பின் ஆய்வறிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. தர முத்திரையோடு நிறுத்தாமல் உள்ளே படியுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று நாலு பெற்றோரிடமும் பேசுங்கள்.

அங்கே போனால் தமிழ் மறந்துவிடுமோ? (கொழிஞ்சாம்பாறை)

வளைகுடாவில் எல்லா இந்தியப் பள்ளியிலும் தமிழ் இருக்காது, மலையாளம் பல இடங்களில் உண்டு. சேர்க்கை அன்றே கேளுங்கள். தமிழ் இல்லையென்றால் மலையாளத்தை எடுக்கட்டும், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கடைத்தெருவிலேயே வந்துவிட்ட மொழி. பெட்டி கட்டும்போது ஐந்து, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை மறக்காமல் வையுங்கள். மாங்காய் ஊறுகாயில் அரைக் கிலோ குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.