'நோ பன் இன்டென்டட்' என்று ஆங்கிலத்தில் ஏன் சொல்கிறார்கள்?

'பன்' என்பது நம் சிலேடைதான், டீக்கடை பன் அல்ல. எழுத்து வேறு, ஒலி ஒன்று என்ற சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். அதனால் சிலேடைக்குப் பஞ்சமே இல்லை. 'கர்ல் அப் அண்ட் டை' என்றால் வெட்கத்தில் சுருண்டு செத்துவிடலாம் போலிருப்பது. அதே ஒலியில் 'டை'க்கு முடிச்சாயம் என்றும் பொருள். முடியைச் சுருட்டு, சாயம் பூசு! இதையே பெயராக வைத்த சலூன்கள் உண்டு.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். ரொட்டிக் கடைக்காரர் 'விலை ரைஸ் ஆகுது' என்கிறார். விலையும் ஏறும், ரொட்டி மாவும் உப்பி எழும், இரண்டுக்கும் 'ரைஸ்'தான். உடனே 'நோ பன் இன்டென்டட்' என்பார். சிலேடை தானாக விழுந்தது, வேண்டுமென்று சொல்லவில்லை என்று அர்த்தம். ஆனால் பாதி நேரம் அது சும்மா! 'கவனிச்சீங்களா?' என்று கேட்பதற்கான சாக்கு. கேட்டவர் சிரிக்காமல் 'ஐயோ' என்று முனகினால் அதுவே பாராட்டு. நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். இரங்கல் செய்தியில் மட்டும் வேண்டாம். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ சாகும்போதே, நாளை என்னைத் தேடினால் 'கிரேவ்' ஆளாக இருப்பேன் என்கிறான். கிரேவ் என்றால் சிரிப்பே இல்லாதவன், கல்லறை இரண்டும்தான். அவனுக்கு அது பொருந்தியது.