மாமா கொடுத்த பழைய லென்ஸ்: புதிது வாங்குவதற்கு முன் ஒரு மாதம்

கேள்வி: என்னிடம் ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபிலிம் சட்டத்தை விடச் சிறியது) கொண்ட மிரர்லெஸ் கேமராவும், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. ஆட்களை எடுக்கும்போது பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று ஒரு புது லென்ஸுக்குப் பணம் சேர்த்து வந்தேன். போன வாரம் மாமா தன்னுடைய பழைய பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஃபிலிம் கேமராவைத் தோல் உறையோடு கொடுத்தார். அதில் சூப்பர் தகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் இருக்கிறது. கண்ணாடி மஞ்சளாகத் தெரிகிறது. இதை என் கேமராவில் போடலாமா? கேமராவுக்கு ஏதாவது ஆகுமா? இல்லை, புதிதே வாங்கிவிடட்டுமா?

பதில்: தாராளமாகப் போடலாம், கேமராவுக்கு ஒன்றும் ஆகாது. புது லென்ஸை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் பணம் சேர்த்தது எதற்காகவோ அது கைக்கே வந்துவிட்டது. உங்கள் கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். மாமாவின் லென்ஸ் எஃப் 1.4 வரை திறக்கும். எஃப் எண் குறையக் குறைய ஒளி வரும் துளை பெரிது. இடையில் நான்கு ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி, நான்கு என்றால் 16 மடங்கு. பின்னணி கரைவதும், விளக்கு வெளிச்சத்திலேயே ஆள் படம் எடுக்க முடிவதும் இதனால்தான்.

முதலில் லென்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இது திருகி மாட்டும் லென்ஸ். முன்பக்கமிருந்து பார்த்தபடி இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். பக்கத்தில் ஏ, எம் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை எம் பக்கம் தள்ளிவிட்டு, அந்தத் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் அப்பெர்ச்சர் வளையத்தை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். உள்ளே இதழ்கள் தயங்காமல் மூடித் திறக்க வேண்டும். இதழ்களின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. அப்புறம் வளையத்தை 1.4இல் நிறுத்தி, இருட்டான அறையில் பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்து, முன்பக்கமாக உள்ளே பாருங்கள். தூசி தெரியும், ஏராளமாகவே தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், படத்தில் அது வராது. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருந்தாலும் அப்படித்தான். சிலந்தி வலை போலவோ, செடியின் சல்லிவேர் போலவோ இழைகள் ஓடினால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்று பட்டதுபோல் மங்கியிருந்தால் அதுவும் கவனிக்க வேண்டியதுதான். இரண்டில் எது இருந்தாலும் லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், நீங்களாகப் பிரிக்காதீர்கள்.

பிரிக்காதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், நீங்கள் கேட்ட அந்த மஞ்சள். அது அழுக்கு அல்ல. இந்த லென்ஸின் பெரும்பாலான வகைகளில் ஒரு கண்ணாடித் துண்டில் தோரியம் கலந்திருக்கிறது. ஒளியை அதிகமாக வளைக்கும் கண்ணாடி வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் பல நிறுவனங்கள் அப்படிச் செய்தன. தோரியம் இலேசான கதிரியக்கம் உடையது. அதுவே பல ஆண்டுகளில் கண்ணாடியை உள்ளிருந்து மஞ்சளாக்குகிறது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் அதை உருப்பெருக்கிக் கண்ணாடி போலக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கண்ணாடியை உரசுவது, உடைப்பது கூடவே கூடாது.

டிஜிட்டலில் இந்த மஞ்சளை ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைத் திருத்தும் அமைப்பு) சரி செய்துவிடும், ஒளி மட்டும் கொஞ்சம் குறையும். போக்கியே ஆக வேண்டும் என்றால் புற ஊதா ஒளி போதும். சிறிய புற ஊதா எல்இடி விளக்கைப் பின் கண்ணாடி மேல் படும்படி சில நாள் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும், விளக்கை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள். சிலர் வெயிலில் வைப்பார்கள். வெயிலில் வைத்த லென்ஸ் பூதக்கண்ணாடிதான், கீழே துணியோ மரமோ இருந்தால் தீப்பிடிக்கும். சூட்டில் கிரீஸ் இளகி இதழ்களுக்கு இறங்கவும் செய்யும். விளக்கே நல்லது.

இனி மாட்டுவது. லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்தான் மவுண்ட். இந்தத் திருகு மவுண்டின் பெயர் எம்42. 42 மி.மீ. விட்டம், அவ்வளவுதான் பெயர்க் காரணம். 1949இல் வந்த கான்டாக்ஸ் எஸ் தொடங்கிப் பல நாட்டுக் கேமராக்கள் இதையே வைத்திருந்தன. அதனால் எம்42 அடாப்டர் ஒன்று வாங்கினால் மாமாவின் லென்ஸ் மட்டுமல்ல, ரஷ்ய ஹீலியோஸும் ஜெர்மன் லென்ஸ்களும் அதே அடாப்டரில் ஏறும். எம்42 லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். மிரர்லெஸ் கேமராக்களில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 20 மி.மீ. அளவுக்குத்தான் இடைவெளி. மீதியை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பினால் போதும், அந்தக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் உங்களுக்குத் தேவையில்லை. நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிம்பம் காட்டும் நிலைக்கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமரா) வைத்திருப்பவர்களுக்குத்தான் இங்கே சிக்கல். அதன் தூரம் 46.5 மி.மீ., எம்42ஐ விடக் கூடுதல். அதனால் கண்ணாடி இல்லாத அடாப்டரில் தொலைவுக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

மாட்டியதும் ஷட்டர் இயங்காமல் போகலாம். லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கேமரா உடலுக்குள்ளேயே அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் ஃபோகல் லெங்த் (லென்ஸின் மி.மீ. எண்) 50 என்று கொடுங்கள். ஏபிஎஸ்-சியில் பார்வைக் கோணம் 75 மி.மீ. போலத் தெரியும், ஆனாலும் கொடுக்க வேண்டியது 50தான். அப்பெர்ச்சர் பிரியாரிட்டி என்ற முறையில் வைத்துக்கொண்டால், துளையை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். 1964இல் வந்த ஸ்பாட்மேட்டிக்கும் இப்படித்தான், லென்ஸின் துளையைச் சிறிதாக்கி, உள்ளே வரும் ஒளியை அளந்தது. அந்த வகையில் இந்த லென்ஸுக்கு உங்கள் கேமரா புது இடம் அல்ல.

இப்போது ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் கிடையாது, பலர் லென்ஸை ஓரம் கட்டுவது இங்கேதான். எனக்கு இந்த லென்ஸ்களில் பிடித்ததே இந்த இடம்தான். ஒருவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். எஃப் 1.4இல் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 2 செ.மீ.தான். மூக்கு நுனி தெளிவானால் கண் மங்கும். கேமராவின் ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டால் விளிம்புகள் நிறத்தில் மின்னும், ஆனால் இவ்வளவு மெல்லிய ஆழத்தில் அதை முழுக்க நம்பாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தி, உங்கள் பக்கமுள்ள கண்ணின் இமை மயிரைப் பிடியுங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது முதலில் புருவம் துலங்கும், பிறகு இமை, பிறகு கருவிழியில் ஜன்னலின் பிம்பம். அங்கே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு உங்கள் உடல் ஒரு விரற்கடை முன்னே சாய்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும். முழங்கையை மேசையிலோ முட்டியிலோ ஊன்றி, இரண்டு மூன்று படம் எடுத்துவிடுங்கள். முதல் வாரம் எஃப் 4இல் பழகுங்கள், ஆழம் 6 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும். கை பழகிய பிறகு 2, அப்புறம் 1.4. தொலைவுக் காட்சிக்கு லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், பல அடாப்டர்கள் இம்மியளவு குட்டையாகச் செய்யப்பட்டவை. கண்ணால் பார்த்தே நிறுத்துங்கள்.

1.4இல் படம் சற்று மிருதுவாக வரும், முகங்களுக்கு அது அழகு. 5.6க்கு மூடினால் கூர்மை பல புது லென்ஸ்களுக்குச் சளைத்ததல்ல. பலவீனம் எதிரொளியில்தான். இதே நிறுவனம் 1971இல்தான் பல அடுக்குப் பூச்சுக்கு மாறியது, உங்களுடையது அதற்கு முந்தையது. சூரியன் எதிரே இருந்தால் படம் முழுக்க வெளிறும். 49 மி.மீ. திருகு ஹூட் (லென்ஸின் முன்னே வெளிச்சத்தை மறைக்கும் வளையம்) ஒன்று வாங்கி மாட்டுங்கள், அது இல்லாதபோது உள்ளங்கையால் மறையுங்கள்.

சரி, புது லென்ஸ் எப்போது வேண்டும்? ஓடும் குழந்தைகள், விளையாட்டு, கல்யாண வேலை, நகர்ந்துகொண்டே எடுக்கும் வீடியோ என்றால் ஆட்டோஃபோகஸ் இல்லாமல் அவதிதான், அங்கே நான் பழைய லென்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். அதனால்தான் ஒரு மாதம் என்றேன். அந்த மாதத்தில் தவறிய படங்களைக் குறித்து வையுங்கள். வீட்டுக்குள் எல்லோரும் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதுதான் குறை என்றால் உங்களுக்குத் தேவை ஒரு அகலக் கோண லென்ஸ், இன்னொரு 50 அல்ல. தவறியதெல்லாம் அசைவில் என்றால் ஆட்டோஃபோகஸ் உள்ளதை வாங்குங்கள். தெரிந்து வாங்குவீர்கள்.

கடைசியாக அந்தத் தோல் உறை. நான் ஒரு 135 மி.மீ. லென்ஸை அதன் பழைய தோல் உறையிலேயே இரண்டு மழைக்காலம் விட்டுவைத்தேன். எடுத்துப் பார்த்தபோது உள் கண்ணாடியில் பூஞ்சை பூச்சையே அரித்திருந்தது, துடைத்த பிறகும் தடம் போகவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். உறை மாமாவின் நினைவாக வேறொரு அலமாரியில் இருக்கட்டும், லென்ஸ் மறுபடி அதற்குள் போக வேண்டாம்.