கீர்த்தனை போய் கிட்டார் வந்துவிட்டது

கேள்வி: செந்தூலில் உள்ள எங்கள் சபைக்கு, அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்து போகிறேன். புது பாஸ்டர் வந்ததும் கீர்த்தனைப் புத்தகம் அலமாரிக்குள் போய்விட்டது. இப்போது டிரம்ஸ், கிட்டார், பாதி ஆங்கிலத்தில் பிரசங்கம். திரையில் தமிழ்ப் பாட்டைக்கூட ஆங்கில எழுத்தில் போடுகிறார்கள். வருத்தத்தைச் சொன்னால், மாற்றத்தை ஏற்காதவர்களுக்கு ஆவிக்குரிய வளர்ச்சி இல்லை என்கிறார்கள். நான் வளரவில்லையா? வேறு சபைக்குப் போய்விடலாமா?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பேச்சை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். டிரம்ஸ் பிடிக்கிறதா இல்லையா என்பதை வைத்து யாருடைய வளர்ச்சியையும் அளக்க முடியாது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினாரே, அந்தக் கனி நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களிடமும் சரி, உங்களை அப்படிச் சொன்னவரிடமும் சரி.

வேதாகமத்தில் எஸ்றா 3ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட அன்று, பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த பெரியவர்கள் சத்தம் போட்டு அழுதார்கள், மற்றவர்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்துபோனது. அழுதவர்களை அங்கே யாரும் கண்டிக்கவில்லை. அப்புறம் கட்டட வேலை பல வருஷம் நின்றுபோய், ஆகாய் தீர்க்கதரிசி வந்த காலத்திலும் கர்த்தர் அவர்களை மறக்கவில்லை: பழைய மகிமையைப் பார்த்தவர்கள் உங்களில் யார், இப்போது இது ஒன்றுமில்லாததுபோலத் தெரிகிறதல்லவா என்று அவரே கேட்கிறார். கேட்டுவிட்டு, திடன்கொள்ளுங்கள், வேலையை நடத்துங்கள், நான் உங்களோடு இருக்கிறேன் என்கிறார். ஆகவே உங்கள் வருத்தம் குற்றமில்லை. வருத்தத்தில் வேலையை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

அந்த ஆங்கில எழுத்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகாமல் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்த எழுத்தைப் பார்த்து ‘வாழ்வு’ என்பதை ‘வால்வு’ என்று பாடுகிற பையன் தமிழில்தானே பாட முயற்சி செய்கிறான்! அதை எடுத்துவிட்டால் வாய்மூடி நிற்பான், கொஞ்ச நாளில் ஆங்கில ஆராதனையைத் தேடிப் போய்விடுவான். அவனை இழக்க உங்களுக்கும் மனம் வராது.

கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதான். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்த பிறகு நம் முன்னோர்கள் ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளைத்தான் வெகுகாலம் பாடினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் பாடல்களை எழுதித் தந்ததால்தான் இன்று கீர்த்தனை நமக்குச் சொந்தமாக இருக்கிறது. புதுசு வந்ததற்காகப் பழைய ஞானப்பாட்டுகளை யாரும் முழுசாகத் தூக்கிப் போடவில்லை, இன்றும் பாடுகிறோம். இதைப் பாஸ்டருக்கும் எடுத்துச் சொல்லுங்கள், அவரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

சபை மாறுவது பாவமில்லை. ஆனால் மனக்கசப்போடு மாறினால் அந்தக் கசப்பும் கூடவே வரும். அதனால் முதலில் பேசுங்கள். ஆராதனை முடிந்து மீஹூன் தட்டோடு நிற்கிறபோது நாலு பேரிடம் புலம்ப வேண்டாம், ஒரு வாரநாளில் பாஸ்டரை நேரில் பாருங்கள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றுங்கள் என்று கேட்காமல், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கீர்த்தனை, திரையில் இரண்டு எழுத்திலும், என்று மட்டும் கேளுங்கள். மெட்டு தெரிந்தவர்கள் உங்கள் தலைமுறைதான், நீங்கள் சொல்லிக்கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே போய்க் கற்பார்கள்? அவர்கள் பாட்டுப் பயிற்சிக்குக் கூடும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பாடிக் காட்டுகிறேன் என்று நீங்களே முன்வாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், சிலுவைப்பாட்டுக் கீர்த்தனைகளுக்கு டிரம்ஸ் தேவைப்படாது.